சோதனையை விதைக்கும் முன்பே தீர்மானியுங்கள்

புதிய நெல் ரகம் ஒன்றை அரை ஏக்கரிலும், பழைய ரகத்தை அடுத்த அரை ஏக்கரிலும் ஒரு விவசாயி நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடையில் புதிய ரகம் ஒரு மூட்டை கூடுதலாகத் தருகிறது. அடுத்த பட்டத்தில் நிலம் முழுவதும் அதையே நடலாமா? அந்த ஒரு மூட்டை ரகத்தால் வந்ததா, வாய்க்கால் ஓரத்து வண்டலால் வந்ததா?

இதைத் தீர்த்துச் சொல்லவே ஆராய்ச்சி நிலையங்களில் புள்ளியியல் சோதனைகள் கையாளப்படுகின்றன. சோதனைகள் பல உண்டு. கேள்விக்குப் பொருந்தாத சோதனையைக் கையாண்டால் சிபாரிசு தவறும், நஷ்டம் விவசாயிக்கே.

டார்வினின் மக்காச்சோளம்

அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடி, தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடியைவிட நன்கு வளருமா என்று அறிய விரும்பினார் இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் டார்வின். ஒரே தொட்டியின் இரு புறமும் இரு வகையையும் நட்டு வளர்த்தார். மக்காச்சோளத்தில் இவ்வாறு 15 ஜோடிகள். இந்த விவரம் 1876-ல் வெளியான அவரது நூலில் உள்ளது. 13 ஜோடிகளில் அயல் சேர்க்கைச் செடியே உயரம். சராசரி வேற்றுமை சுமார் 2.6 அங்குலம்.

கணக்கில் வல்லவரான உறவினர் பிரான்சிஸ் கால்ட்டனிடம் டார்வின் இதைக் காட்டினார். கால்ட்டன் இரு வகையையும் தனித்தனியே உயரப்படி வரிசைப்படுத்தி, நெட்டையை நெட்டையோடும் குட்டையைக் குட்டையோடும் ஒப்பிட்டார். வேற்றுமை சீராகத் தெரிந்தது. ஆனால் ஒரே மண்ணில் நின்ற ஜோடிகள் பிரிந்துவிட்டன. ஜோடியாக நட்டதன் பயனே போய்விட்டது.

குறைந்த எண்ணிக்கையிலான அளவுகளுக்கு ஏற்ற வழியை, டப்ளின் நகரப் பீர் ஆலை ஒன்றில் பணியாற்றிய கோசெட் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்டார். அதுவே 'டி' சோதனைக்கு அடிப்படை. 1919-ல் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், 1935-ல் வெளியிட்ட நூலில் டார்வினின் கணக்கை ஜோடி ஜோடியாகவே போட்டுப் பார்த்தார். கிடைத்த மதிப்பு 2.148. தேற வேண்டிய எல்லை 2.145. அதாவது, 20-க்கு ஒன்று என்ற தற்செயல் வாய்ப்பின் எல்லையை அது மயிரிழையில்தான் தாண்டியது.

கேள்விக்கு ஏற்ற சோதனை

இரண்டு ரகங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஜோடியாக நட்டால், ஜோடி 'டி' சோதனை. ஜோடி சேர்க்காமல் வயலில் பரவலாக நட்டால், சாதாரண 'டி' சோதனை.

ஐந்து ரகங்கள் இருந்தால், இரண்டிரண்டாக ஒப்பிட 10 கணக்குகள் போட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் 20-க்கு ஒரு முறை தவறாக 'வேற்றுமை உண்டு' என்று சொல்ல இடம் இருப்பதால், பிழை பெருகும். இங்கே முதலில் செய்ய வேண்டியது ஃபிஷர் வகுத்த மாறுபாட்டுப் பகுப்பாய்வு.

முளைத்த விதை எத்தனை, முளைக்காதது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்குக் கை வர்க்கச் சோதனை. நோய்த் தாக்குதலுக்கு 1, 3, 5 என்று மதிப்பெண் இட்டிருந்தால், தர வரிசையை வைத்துச் செய்யும் சோதனைகள் பொருந்தும். தழைச்சத்து கூடக் கூட மகசூல் எவ்வளவு கூடுகிறது என்பதற்குத் தொடர்புப் போக்குக் கணக்கு வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியது

முதலில் சொன்ன விவசாயியிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி. அதற்கு எந்தச் சோதனையும் விடை சொல்லாது. அதே ஒரு ஏக்கரை 20 சம பாத்திகளாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டை ஒரு ஜோடியாக வைத்தால் 10 ஜோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். உரம், நீர், களையெடுப்பு எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மகசூலைப் பாத்திவாரியாக எடை போட்டுக் குறித்து வைக்க வேண்டும். நிலமும் விதையும் அதே அளவுதான். கூடுவது சிறிது வேலை மட்டுமே.

அறுவடை முடிந்த பிறகு, விரும்பிய விடை வரும்வரை சோதனையை மாற்றிப் பார்ப்பது நேர்மையன்று. எனவே ஒரு ரகம் சிறந்தது என்று யார் சொன்னாலும், எத்தனை பாத்திகளில் பார்த்தார்கள், பாத்திகளை எப்படி ஒதுக்கினார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று விவசாயிகள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.