ஜெட் விமானமும் ஓடுபாதையின் எல்லையும்

விமான விபத்து என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி, நடுவானில் புயலிலோ இடியிலோ சிக்கித் தவிக்கும் ஒரு விமானமே ஆகும். உண்மை வேறு. விபத்துகளில் பெரும்பாலானவை விமானம் தரையை விட்டு எழும் சில நிமிடங்களிலும், தரையை வந்து சேரும் சில நிமிடங்களிலுமே நிகழ்கின்றன. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பதைக் காட்டிலும், தரைக்கு அருகில் கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடப்பதே கடினம். இதற்குரிய காரணங்களுள் இரண்டை ஈண்டு ஆராய்வோம். ஒன்று ஜெட் எஞ்சினின் இயல்பு. மற்றொன்று ஓடுபாதை முடியும் இடத்தின் இயல்பு.

ஜெட் என்பதற்குத் ‘தாரை’ என்று கலைச்சொல் வகுத்தோர் உண்டு. மழைத்தாரை என்பது போல, ஒரு திசையில் விடாது பீறிடும் ஓட்டத்தை அச்சொல் நன்கு உணர்த்துகின்றது. எனினும் மக்கள் வழக்கில் ஜெட் என்னும் சொல்லே நிலைபெற்றுவிட்டபடியால் அதனையே இங்கு ஆள்கிறோம். எஞ்சினின் முன்வாயில் சுழலும் பெரிய விசிறி காற்றை உள்ளே இழுக்கின்றது. அக்காற்றின் ஒரு பகுதி, வரிசை வரிசையாக அமைந்த சிறகுச் சக்கரங்களால் அழுத்தப்பட்டு, எரியறையில் எரிபொருளுடன் கலந்து எரிந்து விரிவடைகின்றது. விரிந்த வாயு பின்னுள்ள சுழலியைச் சுழற்றிவிட்டுப் பெருவேகத்தில் வெளியேறுகின்றது. அச்சுழலியே முன்னுள்ள விசிறியையும் சிறகுச் சக்கரங்களையும் சுழற்றுகின்றது. இன்றைய பயணிகள் விமானங்களில் உட்புகும் காற்றின் பெரும்பங்கு எரியறைக்குள் செல்லாமலே, விசிறியால் நேராகப் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. காற்று பின்னே செல்ல, எதிர்விளைவாக விமானம் முன்னே செல்கின்றது. ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் அது பறந்தோடுவதைக் காட்டி ஆசிரியர்கள் இதனை விளக்கலாம்.

இவ்வமைப்பிலிருந்து மூன்று அபாயங்கள் பிறக்கின்றன. அவற்றுள் முதலாவது, முன்வாயின் உறிஞ்சல். கோலார் தங்கவயலில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் சென்ற அச்சுரங்கங்களுக்குள் காற்றோட்டம் உண்டாக்கப் பெரிய விசிறிகள் தேவைப்பட்டன. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டபோதிலும், அத்தகைய விசிறி வாயிலின் அருகே நிற்பது எத்தகையது என்பதை அங்குள்ள முதியோர் அறிவர். ஜெட் எஞ்சின் அதனினும் கொடியது. போயிங் 737 போன்ற நடுத்தர விமானத்தில், எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் சுழலும்போதே முன்வாயிலிருந்து சுமார் 3 மீட்டர் வரை ஆள் நெருங்கக் கூடாது. விசை கூட்டப்படும்போது அவ்வெல்லை 4 மீட்டருக்கு மேற்படும். உறிஞ்சல் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லைக்கு வெளியே அது மெல்லிய காற்றாகவே தோன்றும். எல்லைக்குள் ஓரடி வைத்தபின் மனித வலிமையால் மீள இயலாது. விமான நிலையத்தில் காதடைக்கும் கவசம் அணிந்து பணிபுரிவோர்க்கு, எந்த எஞ்சின் ஓடுகின்றது, எது நின்றிருக்கின்றது என்பதை ஓசையால் பிரித்தறிவதும் கடினம். விசிறியின் நடுக்குமிழில் வெண்ணிறச் சுருள்கோடு தீட்டப்பட்டிருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். அது அலங்காரமன்று, எஞ்சின் சுழல்கின்றது என்று கண்ணுக்கு உணர்த்தும் எச்சரிக்கையாகும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மும்பை விமான நிலையத்தில், ஹைதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா விமானத்தின் எஞ்சினுக்குள் தொழில்நுட்பச் சிப்பந்தி ஒருவர் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானம் அப்போது பறக்கவில்லை. நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தன் விசையால் நகரத் தொடங்கும் வேளை. அனுபவமுள்ள ஊழியர்க்கே இவ்வாறு நேர்ந்ததெனின், அந்தச் சில மீட்டர் இடைவெளியின் மதிப்பை வேறெவ்வாறு கூறுவது?

இரண்டாவது அபாயம் பின்புறத்து வீச்சு. மேற்கூறிய விமானத்தின் எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது பின்னால் ஏறத்தாழ 30 மீட்டரும், முழு விசையில் எழும்போது சில நூறு மீட்டரும் அபாய எல்லையாகும். கரீபியன் கடலிலுள்ள சின்ட் மார்ட்டின் தீவில் ஓடுபாதையின் முனைக்கு அப்பால் ஒரு சாலையும், அதனை அடுத்துக் கடற்கரையும் உள்ளன. விமானம் புறப்படும்போது வேலிக்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்று அவ்வீச்சைத் தாங்கிப் பார்ப்பது உல்லாசப் பயணிகளின் விளையாட்டாக இருந்து வந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வாறு நின்ற நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் தூக்கி எறியப்பட்டுக் காங்கிரீட்டில் தலை மோதி இறந்தார். எச்சரிக்கைப் பலகை அவ்விடத்தில் இல்லாமல் இல்லை.

மூன்றாவது அபாயம் அதிகம் பேசப்படாதது. ஆனால் பயணிகளைப் பொறுத்தவரை அதுவே பெரிது. ஜெட் எஞ்சின் கேட்டவுடன் விசை தருவதில்லை. கனத்த மாவரைக்கும் கல்லைச் சுற்றத் தொடங்கும்போது முதற் சுற்றுகள் மெல்லவே செல்வது போல, தணிந்து சுழலும் எஞ்சின் முழு விசையை எட்டச் சில நொடிகள் ஆகின்றன. இறங்கும் நிலையிலுள்ள விமானம் மீண்டும் மேலெழ வேண்டிய விசையை, விமானி விசைப்பிடியைத் தள்ளிய 8 நொடிகளுக்குள் பெற்றுவிட வேண்டும் என்பதே சர்வதேச அளவில் பின்பற்றப்படும் கணக்கு. பழைய உந்துருளை எஞ்சின்கள் இவ்வாறு தாமதிப்பதில்லை. அவற்றின் சுழல்விசிறி இறக்கைகளின் மீதே காற்றை வீசியதால் விமானம் உடனே தாங்கப்பட்டது. ஜெட் யுகம் வேகத்தைக் கொடுத்து இவ்வசதியைப் பறித்துக்கொண்டது.

தங்கவயலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் இவ்வுண்மை கொடுமையாக வெளிப்பட்டது. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் 320 விமானம், நல்ல வெளிச்சத்தில், தெளிந்த வானில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் தானியங்கி அமைப்பு, எஞ்சின்களை மிகக் குறைந்த விசையில் வைத்து இறக்கும் முறையில் இருந்தது. வேகமும் உயரமும் அளவுக்கு மீறிக் குறைவதை விமானிகள் உணர்ந்து விசையைக் கூட்டியபோது, எஞ்சின்கள் விழித்தெழப் போதிய நொடிகள் எஞ்சியிருக்கவில்லை. ஓடுபாதையை எட்டுமுன்னரே கோல்ப் மைதானத்தில் தரையைத் தொட்ட விமானம், அதனை அடுத்திருந்த கரையில் மோதித் தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். எஞ்சின்கள் பழுதுபட்டிருக்கவில்லை என்பதை வாசகர் கருத்திற்கொள்ள வேண்டும். அவற்றின் இயல்பே அதுதான். 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெங்களூரின் வழக்கமான பயணிகள் போக்குவரத்து தேவனஹள்ளிக்கு மாறிவிட்டது.

இனி ஓடுபாதைக்கு வருவோம். தரைதொடும் வேளையில் மேற்கூறிய வகை விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 72 மீட்டர். ஒரு நொடி தாமதித்துத் தரைதொட்டால் 72 மீட்டர் ஓடுபாதை வீணாகின்றது. எட்டு நொடி தாமதித்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அன்றியும், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால், நிற்கத் தேவையான தூரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடும். பின்காற்றுடன் இறங்குவது ஆபத்து என்பதன் கணக்கு இதுவே.

சுரங்க வாயிலில் நிற்கும் இரும்புக் கோபுரம், கூண்டு வந்து நிற்க வேண்டிய தளத்துக்கு மேலும் பல மீட்டர் உயர்ந்திருப்பதன் காரணத்தைத் தங்கவயல் மாணவரிடம் கேட்டால், பதில் வீட்டிலிருந்தே வரக்கூடும். கூண்டு தன் தளத்தைத் தாண்டி மேலே இழுக்கப்பட்டுவிட்டாலும், உச்சியிலுள்ள சக்கரத்தில் மோதுமுன் நிறுத்துவதற்கு விடப்பட்ட இடைவெளி அது. பயன்படாமலிருப்பதே அதன் பயன். ஓடுபாதையின் முனைக்கு அப்பாலுள்ள நிலமும் அத்தகையதே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, ஓடுபாதை முனையை அடுத்து 60 மீட்டர் சமநிலப் பட்டையும், அதற்கப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பரப்பும் இருத்தல் வேண்டும். அப்பரப்பு 240 மீட்டராக இருப்பதே நலம் என்று அவ்வமைப்பு பரிந்துரைக்கின்றது.

சமவெளியில் இது நிலப் பிரச்சினை மட்டுமே. மலையுச்சியைச் சீவி அமைத்த ஓடுபாதைகளில் நிலமே முடிந்துவிடுகின்றது. மேசையின் மேற்பலகை போல நாற்புறமும் சரிவுகொண்ட இவற்றை மேசை வடிவ ஓடுபாதை என்பர். மங்களூரும் கோழிக்கோடும் இவ்வகையின.

மங்களூரில் பஜ்பே குன்றின்மீது 2006-இல் திறக்கப்பட்ட புதிய ஓடுபாதையின் நீளம் 2,450 மீட்டர். 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை, துபாயிலிருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்து, ஓடுபாதையில் ஏறத்தாழ 1,600 மீட்டர் கடந்தபின் தரைதொட்டது. எஞ்சியது 850 மீட்டர் அளவே. முதன்மை விமானி பயணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்றும், இறங்காமல் மீண்டும் மேலெழுமாறு துணை விமானி மும்முறை கூறினார் என்றும் விசாரணையில் வெளிப்பட்டது. தரைதொட்டபின் எஞ்சின்களின் வீச்சை முன்னோக்கித் திருப்பி விமானத்தை நிறுத்த முயன்றவர், பின்னர் மனம் மாறி எழும்ப முயன்றார். முன்னர்க் கூறிய தாமதம் இங்கும் குறுக்கிட்டது. எதிர்வீச்சை மடக்கி, எஞ்சின்களை மீண்டும் முழு விசைக்குக் கொணரும் கால அவகாசம் அவ்விடத்தில் இல்லை. முனையைத் தாண்டிய விமானம், வழிகாட்டும் வானொலிக் கருவியைத் தாங்கிய காங்கிரீட் அமைப்பில் இறக்கை மோதிப் பள்ளத்தாக்கில் வீழ்ந்து எரிந்தது. உயிர் பிழைத்தோர் எண்மர். மாண்டோர் 158 பேர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் மாலை, பெருமழைக்கிடையே கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் பின்காற்றுடன் இறங்கியது. 2,700 மீட்டர் ஓடுபாதையின் பாதியளவில் தரைதொட்டு, முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். ஈர ஓடுபாதையில் மற்றோர் இடரும் உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் நீரை விலக்க இயலாமல் நீரின் மேலேயே மிதந்து செல்லும். அப்போது தடை பயனற்றது. சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் அவ்வேகம் நாட் அளவில் கிடைக்கும். அழுத்தம் 200 பவுண்டு எனின் விடை 127 நாட். மணிக்கு ஏறத்தாழ 235 கிலோமீட்டர். தரைதொடும் வேகம் இதனினும் மிகுதி என்பதை முன்னரே கண்டோம். ஓடுபாதைகளின் குறுக்கே மெல்லிய பள்ளக்கோடுகள் வெட்டப்படுவது நீர் வடிவதற்காகவே.

முனையில் நிலம் இல்லாத இடத்துக்கு வேறொரு பரிகாரம் உண்டு. எளிதில் நொறுங்கும் மெல்லிய காங்கிரீட் கட்டிகளால் ஒரு படுகை அமைத்தால், அதில் ஓடும் சக்கரங்கள் புதைந்து விமானம் குறுகிய தூரத்தில் நின்றுவிடும். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 1996-இல் இது முதன்முதலாக அமைக்கப்பட்டது. இதற்கு நேர்மாறான ஏற்பாட்டின் விளைவைத் தென் கொரியாவின் முவான் நிலையத்தில், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் உலகம் கண்டது. பறவைகள் மோதிய ஜேஜு ஏர் விமானம் சக்கரங்களை இறக்காமலே வயிற்றால் சறுக்கி, ஓடுபாதையைத் தாண்டி, வானொலிக் கருவியைத் தாங்கிய காங்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் இருவரே பிழைத்தனர். ஓடுபாதை முனையில் நிறுவப்படும் எப்பொருளும் மோதினால் தானே முறியக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. மங்களூரில் கற்றிருக்க வேண்டிய பாடம் என்று நமக்குத் தோன்றுகின்றது.

சென்னையின் இரண்டாவது ஓடுபாதையையும் குறிப்பிட வேண்டும். அது அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலத்தின்மீது நீட்டப்பட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஆறு பெருகி விமான நிலையத்துள் புகுந்ததால் சில நாட்கள் போக்குவரத்தே நின்றது.

பறவைகளைப் பற்றி வெளிப்பணி ஊழியர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினின் முன்வாய் மனிதரை இழுப்பது போலவே பறவைகளையும் விழுங்குகின்றது. விசிறிச் சிறகு ஒன்று சிதைந்தாலும் எஞ்சின் விசை இழக்கும். முவான் விமானத்தின் இரு எஞ்சின்களிலும் வாத்தினப் பறவைகளின் எச்சங்கள் காணப்பட்டன. நம் நாட்டில் பருந்துகளையும் காகங்களையும் ஓடுபாதையருகே வரவழைப்பவை குப்பை மேடுகளும் இறைச்சிக் கழிவுகளும் ஆகும். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி, விமான நிலையத்தின் மையக் குறியிடத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்கின்றது. விதி ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தெரிந்திருந்தால்தான் நடைமுறைக்கு வரும். தெரிவிக்க வேண்டியவர் பெரும்பாலும் களத்திலிருப்பவரே.

ஆசிரியர்கள் விளையாட்டு மைதானத்திலோ ஊர்ச் சாலையிலோ 240 மீட்டரை மாணவரைக் கொண்டு கயிற்றால் அளந்து, இரு முனையிலும் கொடி நாட்டிக் காட்டலாம். அதனை நடந்து கடக்க மாணவர்க்கு மூன்று நிமிடம் ஆகும். தரைதொட்ட வேகத்தில் வரும் விமானம் அதனைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்பதை 72 என்னும் எண்ணைக் கொண்டு அவர்களே வகுத்துக் காணட்டும். விடை மூன்றரைக்கும் குறைவாக வரும்.