புதுப் பாட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்குமா?

ஆபீஸ்ல என் டீமில் இருக்கிற ஒருத்தர் கேட்ட கேள்விதான் இந்த எபிசோட். "சினிமாவில் வாராவாரம் புதுப் பாட்டு வருது. கர்நாடக சங்கீதத்தில் மட்டும் ஏன் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதையே பாடிக்கிட்டு இருக்காங்க? புதுசா யாருமே எழுதறது இல்லையா?"

சின்ன பதில்: எழுதறாங்க. இப்பவும் எழுதறாங்க. ஆனா மார்கழி முழுக்க மயிலாப்பூர், தி. நகர், ஆழ்வார்ப்பேட்டைன்னு சபா சபாவா ஏறி இறங்கற ஒருத்தர்கிட்ட, இந்த இருபது வருஷத்துக்குள்ள எழுதின பாட்டு எத்தனை கேட்டீங்கன்னு கேளுங்க. விரல் விட்டு எண்ணிடுவாங்க. ஏன் அப்படி? அதுதான் பெரிய பதில்.

ரசிகர் மேல் மட்டும் பழி போட முடியாது

"சபா ரசிகர்களுக்குத் தெரிஞ்ச பாட்டுதான் வேணும், புதுசு பிடிக்காது" என்று சுலபமா சொல்லிடலாம். அதில் பாதிதான் உண்மை.

கர்நாடகக் கச்சேரியில் புதுமை இருக்கிற இடம் வேற. மேற்கத்திய செவ்வியல் இசையில் இசையமைப்பாளர் எல்லாத்தையும் எழுதி வைத்துவிடுவார். அங்கே புதுசு வேணும்னா பெரும்பாலும் புதுப் படைப்புதான் வேணும். இங்கே பாடுகிறவரே மேடையில் உருவாக்குகிறார். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் அந்த நிமிஷத்தில் பிறப்பவை. நிரவலை எடுத்துக்குங்க. பாட்டின் ஒரே ஒரு வரியை எடுத்து, தாளம் மாறாமல், சொற்களின் இடமும் பெரிசா மாறாமல், மெட்டை மட்டும் விதவிதமா மாற்றிப் பாடுவது. அந்த வரியின் பழைய மெட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தால்தான் எது மாறுது என்று காதுக்குப் பிடிபடும். தெரியாட்டி எல்லாமே ஒண்ணு போலத்தான் கேட்கும்.

அதாவது, தெரிந்த பாட்டு ரசிகர் கையில் இருக்கிற வரைபடம் மாதிரி. பாடகர் எந்தச் சந்துக்குள்ள நுழையறார்னு அதை வச்சுத்தான் பார்க்கிறாங்க. அதனால் பழைய பாட்டு மேல இருக்கிற ஆசையை வெறும் சோம்பேறித்தனம் என்று தள்ளிட முடியாது.

இந்தக் கச்சேரி முறைக்கு வயசு நூறுதான்

அடுத்து, கச்சேரியின் அமைப்பு. முதலில் வர்ணம், அப்புறம் விறுவிறுப்பா சில கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமா ஒரு பெரிய உருப்படி, அதோட தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா. இது காலங்காலமா இருப்பது என்றுதான் பலர் நினைக்கிறாங்க. இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) தன் காலத்தில் இதை நிலைநிறுத்தினவர். அதற்கு முன்னால் ராகம் தானம் பல்லவிதான் கச்சேரியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், மணிக்கணக்கா ஓடும். ஆனா காலம் மாறிவிட்டது. அரண்மனை, ஜமீன், கோயில் என்று இருந்த சங்கீதம் நகரத்துக்கு வந்து, சபாவில் டிக்கெட் வாங்கி உட்காருகிற கூட்டத்துக்கு முன்னால் நின்றது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஒரு இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்கிற பழக்கமே அங்கேர்ந்து வளர்ந்ததுதான். பல ரகமான ஆட்கள் இருக்கிற கூட்டத்துக்கு அரியக்குடியின் முறை கச்சிதமா பொருந்தியது. யாருக்கும் அலுக்காது, எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு கிடைக்கும்.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, அது ஒரு நல்ல டீஃபால்ட் செட்டிங். டீஃபால்ட்டை யாரும் மாத்த மாட்டாங்க, அதுதான் அதோட பலமும் சிக்கலும்.

இந்த அமைப்பில் புதுப் பாட்டுக்கு எங்கே இடம்? நடுவில் வரும் பெரிய உருப்படி, ஏற்கெனவே நிரூபித்த பாட்டுக்குத்தான். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, இல்லாட்டி அந்த அளவுக்கு ஊறிப்போன ஒண்ணு. புதுசு பெரும்பாலும் துக்கடாவுக்குப் போகும். அதாவது கடைசி இருபது நிமிஷம். தனி ஆவர்த்தனத்தில் கேன்டீனுக்கு எழுந்து போனவங்க பாதிப் பேர் திரும்பியிருக்க மாட்டாங்க. மீதிப் பேர் ஆட்டோ கிடைக்குமான்னு போனைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

கோல்ட் ஸ்டார்ட்

வீடியோ ஆப், ஷாப்பிங் ஆப் எதுவா இருந்தாலும், உங்களுக்கு எதைப் பரிந்துரைக்கலாம்னு ஒரு புரோகிராம் முடிவு பண்ணுது. மத்தவங்க எதைப் பார்த்தாங்க, வாங்கினாங்க என்பதுதான் அதுக்கு ஆதாரம். இப்ப ஒரு புதுப் பொருள் வருது. யாரும் அதைப் பார்த்ததில்லை, அதனால் புரோகிராம் அதைக் காட்டாது. காட்டாததால் யாரும் பார்க்க மாட்டாங்க. இந்தச் சுழலுக்கு எங்க ஊர்ப் பேர் கோல்ட் ஸ்டார்ட்.

புதுக் கீர்த்தனையின் நிலைமை அப்படியே இதுதான். ஒரு பாடகர் ஒரு சபாவில் ஒருமுறை பாடுவார். ரசிகர்கள் மரியாதையாக் கைதட்டுவாங்க. அடுத்த சபாவில் அதைப் பாட மாட்டார். வேற பாடகர் அதைக் கற்றுக்க மாட்டார். கேட்டவங்க காதில் மெட்டு ஒட்டறதுக்கு முன்னாடியே பாட்டு காணாமப் போயிடும்.

இந்த எபிசோடில் நான் சொல்ல வருவது இதுதான்: புதுப் பாட்டு முதல் கேட்பில் தோற்பதில்லை. இரண்டாவது கேட்பு கிடைக்காததால்தான் தோற்கிறது.

உடைச்சவங்க எப்படி உடைச்சாங்க?

தியாகராஜர் பாட்டும் ஒருநாள் புதுப் பாட்டுதானே! அவர் திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடினார். சீடர்கள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று தனித்தனிப் பரம்பரைகளா அந்தப் பாட்டுகளை எடுத்துப் போனாங்க. திரும்பத் திரும்ப ஒலிக்கிறதுக்கு ஒரு வழி இருந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிக்கிட்டு நடந்தவர். அதே மனிதர் 1934-இல் வந்த 'சீதா கல்யாணம்' முதல் சினிமாவுக்கும் பாட்டுப் போட்டார். தெரு, தியேட்டர், சபா என்று மூன்று வாசல் வழியா அவர் இசை ஊருக்குள்ள வந்தது. 1971-இல் அவருக்கு சங்கீத கலாநிதி கிடைத்தபோது, அவர் பாட்டுகளைப் புதுசு என்று யாரும் நினைக்கவில்லை.

இன்னொரு வழி, போராடி இடம் பிடிப்பது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் வேணும் என்ற குரல் அங்கே பலமா எழுந்தது. பெரிய சர்ச்சை. 1943-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் சென்னையில் தமிழ் இசைச் சங்கமே தொடங்கியது. இருக்கிற மேடை இடம் கொடுக்காட்டி தனி மேடை. அங்கே தமிழ்ப் பாட்டுகள் திரும்பத் திரும்ப ஒலித்தன.

மூன்றாவது, கொஞ்சம் வேடிக்கையானது. பாலமுரளிகிருஷ்ணா நாலே ஸ்வரத்தில் மகதி என்று ஒரு ராகம் உருவாக்கினார். நாலு ஸ்வரத்தில் ராகம் உண்டா என்று வித்வான்கள் நடுவே சண்டை. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் அந்த ராகத்தில் ஒரு பாட்டைத் தொடங்கினார். சண்டை ஒரு பக்கம் நடக்க, மகதி என்கிற பேரே தெரியாத லட்சக்கணக்கான பேர் காதில் அது போய் உட்கார்ந்துவிட்டது.

வியன்னாவில் ஒரு சோதனை

இது நம்ம பிரச்சினை மட்டும் இல்லை. 1918-இல் வியன்னாவில் ஆர்னால்ட் ஷோன்பெர்க் என்கிற இசையமைப்பாளர் புது இசைக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். விதிகள் விசித்திரமா இருக்கும். கைதட்டக் கூடாது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. முக்கியமானது, ஒரே படைப்பைப் பல தடவை வாசிப்பாங்க. கஷ்டமான இசை ஒருமுறை கேட்டால் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சங்கம் சில வருஷம்தான் ஓடியது. வெளிக்கூட்டத்துக்குக் கதவைச் சாத்தினதும் அதோட குறை. ஆனா இரண்டாவது கேட்பு முக்கியம் என்பதை விதியாகவே எழுதி வைத்தது பெரிய விஷயம்.

இப்ப என்ன நடக்குது?

பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளை டி.எம். கிருஷ்ணா பாடியிருக்கார். 2017-இல் கபேர் வாசுகி எழுதி கிருஷ்ணா பாடின 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்டு யூடியூபில் வந்தது. அனல்மின் நிலையம், சாம்பல், நீர்நிலை என்று இந்த ஊரைப் பற்றிய பாட்டு, கர்நாடக ராகங்களில். சபாவில் அல்ல, யூடியூபில் வந்ததால் அதுக்கு ஒரு வசதி: பிடிச்சா உடனே மறுபடி தட்டலாம். பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கின விழா, சபா வாசலே மிதிக்காதவங்க முன்னால் கச்சேரியைக் கொண்டுபோய் வைத்தது.

அரசியல் பிடிக்குதா இல்லையா என்பது அவங்கவங்க விருப்பம். ஆனா ஒரு கலைக்குத் தன் காலத்து ஊரைப் பற்றி, கடலைப் பற்றி, மனுஷங்களைப் பற்றிப் பேச இடமே இல்லைன்னா, அடுத்த தலைமுறை அதை மியூசியத்தில் வைத்துப் பார்க்கும். கேட்க வராது. பணயம் அதுதான்.

நம்மால் முடிஞ்சது

பாடகர்களுக்கு: ஒரு சீசனில் பத்து சபாவில் பாடினால், ஒரே ஒரு புதுப் பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பத்திலும் பாடுங்க. "போன வாரமும் இதையே பாடினார்" என்று ரெண்டு பேர் முணுமுணுப்பாங்க. பரவாயில்லை. முடிந்தால் துக்கடாவில் வேண்டாம், முன்பாதியில் ஒரு சின்ன நிரவலோட வையுங்க.

நமக்கு: பிடித்த பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற பழக்கம் இருக்கே, அது ரசிகர் கையில் இருக்கிற நல்ல ஆயுதம். இந்த சீசனில் ஒரு புதுப் பாட்டு கேட்டீங்கன்னா, பிடிச்சதா இல்லையான்னு உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. அடுத்த கச்சேரியில் அதே பாட்டைக் கேட்டு ஒரு சீட்டு அனுப்புங்க. இரண்டாவது தடவை கேட்டும் பிடிக்கலைன்னா, அப்ப தாராளமா கேன்டீனுக்குப் போகலாம்.

அடுத்த எபிசோடில், எல்லாரும் எழுந்து போகிற அந்தத் தனி ஆவர்த்தனத்தை எப்படிக் கேட்பது என்று பேசுவோம்.