உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் ஆகும்வரை சாவடிதான் வீடு!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறவர்கள் சத்திரத்தில் ஓரிரவு படுப்பதுண்டு. வளர்ந்த பையன்கள் கல்யாணம் ஆகும்வரை ஊர்ச் சாவடியிலேயே படுத்து எழுந்தால்?

ஆனைமலையிலும் அதையொட்டிய இடுக்கி மலைகளிலும் வாழும் முதுவர்களின் மரபு அது. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்களின் பேச்சும் தமிழை ஒட்டியதே. சாப்பாடு வீட்டில், தூக்கம் சாவடியில். ராத்திரியில் காட்டுவிலங்கு இறங்கினால் விரட்ட ஆள் தயார். வெளியூர் விருந்தாளிக்கும் அங்கேதான் படுக்கை.

இதே ஏற்பாடு ஒரு காலத்தில் நாகாலாந்தில் பிரம்மாண்டமாக இருந்தது. பொதுப்பெயர் 'மொருங்', ஆவோ நாகர்கள் 'அரிஜு' என்பார்கள். ஊருக்கு ஒன்றல்ல, தெருவுக்கொன்றுகூட இருந்ததுண்டு. செதுக்கிய பெருந்தூண்கள், ஒரே மரத்தைக் குடைந்த ராட்சத முரசு, போரில் கொய்து வந்த எதிரிகளின் மண்டையோடுகள்! காவல், போர்ப்பயிற்சி, பாட்டு, ஊர்க்கதை, மூங்கில் வேலை எல்லாம் மூத்த பையன்களிடம் இளையவர்கள் கற்றது அங்கேதான். எடுபிடி வேலையும் இளையவர்கள் தலையில்தான். நம் ஹாஸ்டல்களைச் சொல்லவே வேண்டாம்.

1872 முதல் ஆவோ பகுதியில் வேரூன்றிய பாப்டிஸ்ட் மிஷனுக்கு மொருங் வாழ்க்கை பிடிக்கவில்லை. பள்ளிக்கூடமும் வந்தது, மொருங்குகள் காலியாயின. இன்று கோஹிமா அருகே கிசாமாவில் ஒவ்வொரு பழங்குடிக்கும் மாதிரி மொருங் நிற்கிறது. டிசம்பர் ஹார்ன்பில் திருவிழாவில் உள்ளேயே போய்ப் பார்க்கலாம்.