மாட்டுக் கொட்டகைக் கூரைச் சட்டத்தில் விரிசலா? பிளைவுட் பட்டை அடித்துச் சீரமைக்கும் முறை

ஓடு வேய்ந்த பழைய மாட்டுக் கொட்டகைகள் பலவற்றில் கூரையைத் தாங்குவது மரத்தாலான முக்கோணச் சட்டம். தச்சர்கள் இதை டிரஸ் என்பார்கள். ஒரு டிரஸ்ஸில் விரிசல் விட்டாலும் கூரை உடனே இறங்குவதில்லை. பக்கத்து டிரஸ்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால், மழையில் ஓடுகள் நனைந்து கனத்து, காற்றும் சேரும்போது முறிந்துவிடலாம். கீழே நிற்பவை உங்கள் கறவை மாடுகள். எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

எந்தச் சட்டம் என்று பாருங்கள்

மேலே உள்ள இரண்டு சாய்வுச் சட்டங்களும் சுமையால் அழுத்தப்படுகின்றன. அடியில் கிடக்கும் குறுக்குச் சட்டம் அவற்றின் கால்கள் விலகாமல் இழுத்துப் பிடிக்கிறது. அது அறுந்தால் கால்கள் விரிந்து, சுவரை வெளியே தள்ளும். ஆகவே அடிச்சட்டத்தின் விரிசலே அவசரமானது. முகடு தொய்வது, சுவரின் மேல்பகுதி வெளியே சாய்வது, ஓடுகளுக்கு இடையே புது இடைவெளி தெரிவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

அடுத்து, காரணத்தைத் தேடுங்கள். ஒழுகல், கரையான், அடிச்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட தீவன மூட்டை ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஸ்குரூடிரைவரால் மரத்தைக் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதில் ஆணி பிடிக்காது; சட்டத்தையே மாற்ற வேண்டும். உறுதியான மரத்தில் விழுந்த விரிசலுக்கு மட்டுமே பிளைவுட் வைத்தியம்.

முதலில் முட்டு

மாடுகளை வெளியே கட்டுங்கள். விரிசலுக்கு இருபுறமும், சட்டங்கள் சேரும் இடங்களுக்குக் கீழே முட்டு கொடுங்கள். முட்டின் அடியில் பலகை வைத்தால் மண்ணில் புதையாது. பிறகு, திருகு ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். விரிசல் மூடியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் வேறு இணைப்பு பிய்ந்துகொள்ளும்.

ஏன் பிளைவுட்?

சாதாரணப் பலகையில் நெருக்கமாக ஆணி அடித்தால் நார் வாக்கில் பிளக்கும். பிளைவுட்டில் அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அவ்வளவு எளிதில் பிளக்காது. கொட்டகை ஈரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டிய ஓரங்களுக்குப் பெயின்ட் பூசுங்கள்.

அளவும் ஆணியும்

20 அடி வரை அகலமுள்ள சிறு கொட்டகையில், 2 அங்குலம் கனமும் 4 அங்குலம் உயரமும் உள்ள அடிச்சட்டத்துக்கான அளவு இது:

1. 12 மி.மீ. பிளைவுட்டில் 4 அடி நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். மேலடுக்கின் நார் நீளவாக்கில் இருக்க வேண்டும்.
2. விரிசல் நடுவில் வரும்படி சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.
3. நாகம் பூசிய 2 அங்குல ஆணியை இரண்டு வரிசையாக, மாறி மாறி அடியுங்கள். ஒரு வரிசையில் ஆணிக்கு ஆணி 3 அங்குலம், சட்ட ஓரத்திலிருந்து 1 அங்குலம் இடைவெளி விடுங்கள்.
4. ஒவ்வொரு பட்டையிலும் விரிசலுக்கு இப்பக்கம் 14, அப்பக்கம் 14 ஆணியாவது இருக்க வேண்டும். எதிர்ப்பக்க ஆணிகள் ஒன்றோடொன்று மோதாமல் தள்ளி அடியுங்கள்.
5. பனை, தேக்கு போன்ற கடின மரமானால், ஆணியின் தடிமனில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு முதலில் துளையிடுங்கள்.

சுமை ஒரு துண்டிலிருந்து ஆணிகள் வழியாகப் பட்டைக்கும், பட்டையிலிருந்து ஆணிகள் வழியாக மறு துண்டுக்கும் போகிறது. ஒரு பக்கம் 20 ஆணியும் மறுபக்கம் 5 ஆணியும் அடித்தால், அந்த இணைப்பின் பலம் 5 ஆணியின் பலம்தான். சட்டங்கள் கூடும் முனை தளர்ந்திருந்தால், எல்லாச் சட்டங்களையும் மூடும் அகலமான பிளைவுட்டை இருபுறமும் வைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் போதிய ஆணி அடியுங்கள்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

தலை இடிக்கிறது என்று அடிச்சட்டத்தை ஒருபோதும் அறுக்காதீர்கள். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும், காற்றோட்டம் இருக்கட்டும். அகலமான கொட்டகை, பல டிரஸ்களில் விரிசல், சாய்ந்த சுவர் ஆகியவற்றில் எது இருந்தாலும் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்ததும் முட்டுகளை மெதுவாக இறக்குங்கள். பட்டையின் இரு முனைகளிலும் சட்டத்தின் மேல் பென்சில் கோடு போட்டு வையுங்கள். முதல் கனமழைக்குப் பிறகு பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஆணிகள் இளகுகின்றன என்று பொருள். மீண்டும் முட்டுக் கொடுத்துவிட்டு, பொறியாளரை அழையுங்கள்.