திரையில் தமிழ் வரிகள் தோன்றச் செய்யும் முறை

ஒரு படத்தைக் காட்டுவது வேறு. அதை விளங்க வைப்பது வேறு. விதைத் தேர்வு குறித்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ தயாரிக்கப்பட்ட செய்திப்படம் ஒன்று தமிழ் மட்டுமே அறிந்த உழவர்களின் முன்னிலையில் ஓடுகிறது என்று கொள்வோம். காட்சிகள் கண்ணுக்குப் புலனாகும். ஆனால் உப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்பன போன்ற முக்கியமான செய்திகள் காதில் விழுந்தும் மனத்தில் பதியா. செவிப்புலன் குன்றிய மாணவர்களின் நிலையோ இதனினும் கடினமானது. அவர்களுக்குத் திரையின் அடியில் தோன்றும் வரிகளே பேச்சாகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களில் இத்தகைய வரிகளுக்கு வழி செய்யுமாறு கூறுவதும் இக்காரணம் பற்றியே.

சப்டைட்டில் எனப்படும் இத்துணையுரையைத் தயாரித்து அனுப்பினாலும், காட்சி நடைபெறும் இடத்தில் அது திரையில் தோன்றுவதில்லை என்ற குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. இக்குறைக்குரிய காரணங்கள் சிலவே. அவற்றை அறிந்து கொண்டால் ஆசிரியரோ களப்பணியாளரோ தாமே அதைச் சீர்ப்படுத்தி விடலாம்.

கோப்பின் அமைப்பு

துணையுரை இரு வகையில் அமையும். ஒன்று, படத்தோடு படமாகப் பதிக்கப்பட்டது. அதைப் பிரிக்கவோ மாற்றவோ இயலாது. மற்றொன்று, தனிக் கோப்பாக உடன் வருவது. இப்பின்னதில் பெருவழக்கானது எஸ்.ஆர்.டி. என்னும் வகை. டி.வி.டி. தட்டுகளில் துணையுரை சிறு படங்களாகவே பதிவு செய்யப்பட்டிருக்கும். அவற்றைப் படித்து எழுத்துகளாக மாற்றுவதற்கு எழுந்த 'சப்ரிப்' என்னும் மென்பொருளிலிருந்தே இவ்வகைக்குப் பெயர் வந்தது. இக்கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தால், உள்ளே பின்வருமாறு காணலாம்:

1
00:01:12,500 --> 00:01:15,800
விதைப்பதற்கு முன் விதையை உப்புநீரில் இட்டுப் பாருங்கள்.

முதல் வரி வரிசை எண். இரண்டாம் வரி, உரை தோன்றும் நேரமும் மறையும் நேரமும்; மணி, நிமிடம், நொடி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என இது அமையும். நொடிக்குப் பின் வருவது காற்புள்ளியே, முற்றுப்புள்ளியன்று. மூன்றாம் வரி உரை. அதன் பின் ஒரு வெற்றுவரி கட்டாயம் வேண்டும். அது விடுபட்டால் அடுத்த பகுதியின் எண்ணும் நேரமும் உரையோடு சேர்ந்து திரையில் தோன்றக்கூடும்.

பெயர்ப் பொருத்தம்

துணையுரை அறவே தோன்றாதபோது முதலில் நோக்கத்தக்கது பெயர். படக் கோப்பும் துணையுரைக் கோப்பும் ஒரே கோப்புறையில், ஒரே பெயருடன் இருத்தல் வேண்டும். இறுதியில் வரும் வகைக்குறி மட்டுமே வேறுபடலாம். ஓர் எழுத்தோ இடைவெளியோ மாறினாலும் தொலைக்காட்சிப் பெட்டி அதைக் கண்டு கொள்ளாமல் போகலாம். பெயரை ரோமன் எழுத்துகளாலும் எண்களாலும் சுருக்கமாக அமைப்பது நலம். தமிழ்ப் பெயர்களை எல்லாப் பெட்டிகளும் ஏற்பதில்லை.

இங்கே மறைவான ஒரு தவறு நேர்வதுண்டு. விண்டோஸ் கணினி வழக்கமாக வகைக்குறியை மறைத்து வைக்கும். ஆகவே நோட்பேடில் சேமித்த கோப்பு கண்ணுக்கு எஸ்.ஆர்.டி. என்று தோன்றினும், அதன் பின்னே டி.எக்ஸ்.டி. என்னும் குறி ஒட்டிக் கொண்டிருக்கலாம். வகைக்குறியைக் காட்டுமாறு கணினியை அமைத்துவிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

எழுத்துக் குறியீடு

பெயர் சரியாக இருந்தும் தமிழ் தோன்றவில்லையெனில், குற்றம் எழுத்துக் குறியீட்டில் இருக்கும். கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்துக் கொள்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பதை உலகப் பொதுவாக வகுத்தது யூனிகோடு. அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அந்த எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைகளுள் யு.டி.எஃப்.-8 என்பதே இன்று பெருவழக்கு. இம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். திரையில் தோன்றும் குறையின் உருவத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

மேற்குறியிட்ட ரோமன் எழுத்துகள் வரிசையாகத் தோன்றின், கோப்பு நன்றாகவே உள்ளது. ஓட்டும் கருவி அதை வேறு குறியீட்டு முறையில் படிக்கிறது. கருவியின் துணையுரை அமைப்பில் யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வெற்றுக் கட்டங்கள் தோன்றின், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கணினியாயின் எழுத்துருவை நிறுவித் தேர்ந்தெடுக்கலாம்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின், உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருத்தல் கூடும். அதை மாற்றி மூலம் யூனிகோடாக்க வேண்டும்.

ஒற்றைக்கொம்பு எழுத்தின் முன்னே வராமல் பின்னே வந்தால், கருவிக்குத் தமிழ் எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் திறன் இல்லை என்பது பொருள். கோப்பில் 'கெ' என்பது ககரம், அதன் பின் கொம்பு என்ற வரிசையிலேயே இருக்கும். முன்னே கொணர்ந்து காட்டுவது கருவியின் கடமை. இதைக் கோப்பில் திருத்த முயல்வது வீண். மடிக்கணினியில் படத்தை ஓட்டி, எச்.டி.எம்.ஐ. கம்பியின் வழியே தொலைக்காட்சிக்கு அனுப்புவதே எளிய வழி. அன்றேல் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் வரிகளைப் படத்திலேயே பதித்துவிடலாம்.

கேள்விக்குறிகளே வரிசையாகத் தோன்றினால் நிலைமை வேறு. தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில் கோப்பைச் சேமிக்கும்போது, கணினி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஈடாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. அதன் பின் மூல எழுத்தை மீட்க வழியில்லை. இக்கட்டுரையாளர் மொழிபெயர்த்த துணையுரை ஒன்று இவ்வாறே அழிந்தது. காட்சிக்கு முன்னாள் ஒருவர் ஒரே ஒரு சொற்பிழையைத் திருத்தி, 'ஆன்சி' என்னும் முறையில் அதே கோப்பின் மேல் சேமித்தார். பல நாள் உழைப்பு கேள்விக்குறிகளாயிற்று. வேறு படி இல்லாமையால் முழுவதையும் மீண்டும் எழுத நேர்ந்தது. ஆகவே திருத்துவதற்கு முன் ஒரு படியைத் தனியே எடுத்து வைப்பதும், சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்பதை உறுதி செய்வதும் இன்றியமையாதன.

காலப் பொருத்தம்

வரிகள் தோன்றியும் பேச்சோடு ஒட்டாமற் போவதுண்டு. அப்போது தொடக்கத்தில் ஒரு வரியையும் முடிவில் ஒரு வரியையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டிடத்தும் வேறுபாடு ஒரே அளவாயின், முழுவதையும் அவ்வளவு நொடி தள்ளினால் போதும். வி.எல்.சி. கருவியில் 'எச்' விசையை அழுத்தினால் வரிகள் பிந்தும். 'ஜி' விசையை அழுத்தினால் முந்தும். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் நொடியின் ஆயிரத்தில் 50 பங்கு மாறும். ஒரு நொடிக்கு 20 முறை அழுத்த வேண்டும்.

வேறுபாடு நேரம் செல்லச் செல்ல வளருமாயின், காரணம் பெரும்பாலும் வேகம். திரைப்படம் நொடிக்கு 24 படங்கள் வீதம் எடுக்கப்படுவது. சில ஒளிபரப்புகளிலும் தட்டுகளிலும் அது 25 வீதம் ஓட்டப்படும். ஒரு மணி நேரப் படத்தில் 86,400 படங்கள் உள. அவற்றை 25 வீதம் ஓட்டினால் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். 24-க்கு எழுதிய துணையுரை அப்போது பத்து நிமிடத்தில் 24 நொடி பின்தங்கும். இதற்குத் தள்ளுதல் பயன்படாது. எல்லா நேரங்களையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். 'சப்டைட்டில் எடிட்' என்னும் இலவச மென்பொருள் இதைத் தானே செய்யும். திருத்தத்தைக் கோப்பிலும் நிலைபெறச் செய்யும். வி.எல்.சி.யில் செய்த திருத்தமோ கோப்பை மாற்றுவதில்லை. ஆதலால் பென் டிரைவில் இட்டுத் தொலைக்காட்சியில் காட்டுவோர் கோப்பையே திருத்துதல் வேண்டும்.

முன்னேற்பாடு

கணினியில் சரியாக ஓடிய படம் வேறு பெட்டியில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே காட்சிக்கு முதல் நாளே, காட்டப் போகும் அதே கருவியில், தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களில் பார்த்துக் கொள்க. கடைசி வரிசையில் அமர்ந்து எழுத்தின் அளவையும் சோதித்துக் கொள்க; செவிப்புலன் குன்றிய மாணவரைத் திரையை நேரே காணும் இடத்தில் அமர்த்துக. வரிகள் தோன்றாது போயின், அவர் காட்சி முடியும் வரை அமைதியாகவே இருப்பார். குறை நேர்ந்ததென்று எழுந்து சொல்லவும் மாட்டார். அதனை முன்னரே கண்டு களைதல் காட்டுவோரின் பொறுப்பாகும்.