அமீபா சாணியில் இல்லை

இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, சாணியையும் மூத்திரத்தையும் கையால கலக்குதீங்களே, அமீபா சீதபேதி வராதா?"

கேள்வி நியாயமானது. ஆனால் பயம் இடம் மாறி நிற்கிறது. அமீபா சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற ஒருசெல் உயிரி குடியிருப்பது மனிதக் குடலில். வெளியே வருவது மனித மலத்தில். மாட்டுச் சாணி அதன் வீடு அல்ல. சாணியில் வேறு கிருமிகள் உண்டு. அதனால் கரைசல் கலக்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், பறிக்கப்போகும் கீரையில் கரைசல் தெளிக்காமல் இருப்பதும் அவசியம். ஆனால் அமீபாவைத் தேட வேண்டிய இடம் தொழுவம் இல்லை, நம்ம கக்கூஸ் குழி.

1875-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஃபெடோர் லோஷ் என்ற மருத்துவர் இந்த அமீபாவை முதலில் விவரித்தார். கழிச்சலால் வாடி வந்த ஒரு ஏழை உழவரின் மலத்தில்தான் அதைக் கண்டார். இது ஏழை நாட்டு நோய் மட்டுமல்ல. 1933-இல் அமெரிக்காவின் சிகாகோ நகர ஓட்டல்களில் சாக்கடை நீர் குடிநீரில் கலந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. பலர் இறந்தார்கள்.

இந்த உயிரிக்கு இரண்டு வடிவம். குடலைத் தின்னும் வடிவம் வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஓடு போர்த்திய கூட்டு வடிவமோ ஈரமண்ணிலும் தண்ணீரிலும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் கிடக்கும். வயிற்று அமிலமும் அதை அழிக்காது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு நோயே தெரியாது. ஆனாலும் மலத்தில் கூடுகள் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது நம்ம புதுக்கடைப் பக்கத்தைப் பாருங்கள். வருஷத்தில் இரண்டு பருவமழை. மேடும் பள்ளமுமான செம்மண். வீட்டுக்கு வீடு கிணறு, பத்து சென்ட் விளைக்குள்ளேயே கக்கூஸும். ஒருவர் வீட்டுக் குழி அடுத்தவர் கிணற்றுக்கு மேட்டில் இருக்கும். மழைத்தண்ணி மேலே ஓடி கிணற்றில் இறங்கினால் குழியில் உள்ளதும் கூடவே இறங்கும். அதனால் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடியாவது இருக்கட்டும், குழி தாழ்வில் இருக்கட்டும். கிணற்றைச் சுற்றி உயரமான சுவரும், வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் தளமும் வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு என்று நிம்மதியாகிவிடக் கூடாது. வழக்கமாகப் போடும் அளவு குளோரின் இந்தக் கூடுகளைக் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும். நம்ம வீடுகளில் சீரக வெள்ளம், சுக்கு வெள்ளம் கொதிக்க வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது நல்ல வழக்கம். ஆனால் சூடு ஆறட்டும் என்று பச்சை வெள்ளத்தை ஊற்றிக் கலக்கினால் கொதிக்க வைத்ததே வீண்.

விளையில் ஒரே விதி: செப்டிக் டேங்க் கழிவை ஓசி உரம் என்று காய்கறிக்கும் கீரைக்கும் விடாதீர்கள். வாய்க்கால் தண்ணியில் கீரையை அலசிச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். விஷமில்லாத கீரை என்று நம்பி வாங்குகிறவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நோயில்லாத கீரையும்தான்.

சளியும் இரத்தமுமாகக் கழிச்சல், வயிற்றுக்கடுப்பு என்றால் மலப் பரிசோதனை செய்யுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் வந்தால் ஈரலில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடசப்பாலைப் பட்டை நம் வைத்தியர்களின் பழைய சீதபேதி மருந்து. 1912-இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் ஊசியாகப் போட்ட எமெட்டினும் ஒரு செடியின் வேரிலிருந்து வந்ததே. மூலிகையை மதிப்போம். ஆனால் ஈரல் சீழுக்குப் பட்டைக் கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் தரும் மெட்ரோனிடசோல் குடல் சுவரிலும் ஈரலிலும் உள்ள அமீபாவைக் கொல்லும். குடலுக்குள் தங்கிய கூடுகளை ஒழிக்கப் பிறகு இன்னொரு மருந்தும் தேவை. "கழிச்சல் நின்னுட்டு, போதும்" என்று பாதியில் நிறுத்தினால் நமக்குச் சுகம்போலத் தெரியும். கூடுகளோ நம்ம கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட நிறுத்திக்கொண்டு அளப்பது நல்லது.