உயிர்காத்த கைகளும் பறிக்கப்பட்ட பணியும்

ஆம்புலன்ஸில் வரும் அவசரகால மருத்துவ உதவியாளர், மருத்துவமனையை அடையும் முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார். இன்று இயல்பாகத் தோன்றும் இப்பணிக்கு அமெரிக்காவில் வடிவம் கொடுத்த முன்னோடிகள் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். அப்பணியிலிருந்து அவர்கள் அகற்றப்பட்ட விதம், ஒடுக்கப்பட்டோர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு.

1960களில் அந்நகரில் நோயாளிகளைப் பெரும்பாலும் காவல்துறை வண்டிகளே ஏற்றிச் சென்றன. வழியில் சிகிச்சை என்று எதுவும் கிடையாது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்கோ அந்த வண்டியும் தாமதமாகவே வந்தது; சில வேளைகளில் வரவே இல்லை. இந்நிலையில், இதய, சுவாச மீட்பு முறையின் முன்னோடியான மருத்துவர் பீட்டர் சாஃபர், 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்புடன் இணைந்து அப்பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். வேலை கிடைக்காதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த பலர் ஏறத்தாழ 300 மணி நேரம் பயின்று தேர்ந்தனர். முதல் ஆண்டிலேயே சுமார் 5,800 அழைப்புகளை ஏற்றனர்.

குருதியையும் மரணத்தையும் அன்றாடம் எதிர்கொள்வது மட்டுமே அவர்களின் சவாலாக இருக்கவில்லை. கறுப்பினத்தவரின் கை தம்மீது படக்கூடாது என மறுத்த வெள்ளையின நோயாளிகளும் இருந்தனர். மருத்துவமனைகளில் அவர்களைக் கடைநிலை ஏவலர்களாகக் கருதியோரும் உண்டு. தீண்டாமையை அனுபவித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் தம் தெருவில், தம் மக்களின் நின்றுபோன மூச்சைத் தம் கைகளாலேயே மீட்டது அவர்கள் பெற்ற பெரும்பேறு. மருத்துவ அறிவு தமக்கும் உரியது என்ற தன்மதிப்பையும் அப்பணி அவர்களுக்கு அளித்தது.

1975இல் நகர நிர்வாகம் தனக்கென ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸ் சேவையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் ஊழியர்களைப் பணியில் சேர்த்துக்கொண்ட பிறகு புதிய தேர்வுகளும் நிபந்தனைகளும் முளைத்தன. அனுபவம் குறைந்த வெள்ளையினத்தவரின் கீழ் அவர்கள் நிறுத்தப்பட்டனர். பலர் வெளியேறினர். அச்சேவையின் மருத்துவ இயக்குநராயிருந்த நான்சி கரோலின் வகுத்த பாடத்திட்டமோ நாடு முழுவதும் பயிற்சிக்கு அடிப்படையானது. அவர்களின் அனுபவம் தேவைப்பட்டது, அவர்கள் தேவைப்படவில்லை.

எவரும் பொருட்படுத்தாத வேலையை ஒடுக்கப்பட்டோர் செய்யும்போது அங்கே 'தகுதி' பற்றிய பேச்சு எழுவதில்லை. அதற்கு மதிப்பும் நிலையான ஊதியமும் வந்தவுடன் அச்சொல் வாயிற்காவலனாக வந்து நிற்கிறது. அந்தக் காவலைக் கடந்து நீடித்தவர்களுள் ஒருவரான ஜான் மூன், பின்னாளில் அந்நகர அவசர மருத்துவச் சேவையின் துணைத் தலைவரானார். கறுப்பினத்தவரை மீண்டும் அப்பணியில் சேர்க்க அவர் தொடர்ந்து முயன்றார். தம் உழைப்பால் உருவான சேவைக்குள் தம் மக்களுக்கு இடம் கேட்டே அவர் போராட வேண்டியிருந்தது.